நூற்றுமானமும் தன்மானமும்

ஆண்டுதோறும் நுழைவுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் நாட்களில், ஒரு சொல் நம் வீடுகளுக்குள் நுழைந்து பெற்றோரையும் பிள்ளைகளையும் குழப்பிவிட்டுப் போகிறது. 'பர்சன்டைல்' என்பது அச்சொல். நாளேடுகளிலும் தொலைக்காட்சியிலும் அது பலபோது 'சதவீதம்' என்றே வந்துவிடுகிறது. படிப்பவரும் அப்படியே எடுத்துக்கொள்கிறார். தொண்ணூற்றொன்பது பெற்ற பிள்ளைக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை என்று ஒரு தந்தை வியக்கிறார். அறுபத்திரண்டு பெற்ற பிள்ளையை, நூற்றுக்கு அறுபத்திரண்டுதானா என்று மற்றொருவர் கடிந்துகொள்கிறார். இருவர் கையிலும் இருப்பது மதிப்பெண் அன்று என்பதை அவர்களுக்கு எவரும் சொல்வதில்லை.

இலக்கியம் பேசும் இடத்தில் கணக்குப் பாடம் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். கணக்கு எளியதுதான், எட்டாம் வகுப்பு மாணவர் அரை மணிநேரத்தில் கற்றுக்கொள்வார். நம் கவலை சொல்லைப் பற்றியது. வெவ்வேறான இரண்டு பொருள்களுக்கு ஒரே சொல்லை வழங்கத் தொடங்கினால், அவற்றுள் ஒன்றைக் காட்டி மற்றொன்றை விற்பது எளிதாகிவிடும். அந்த வணிகம் நம் கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது. தமிழ் படித்தவர்கள் தலையிட வேண்டிய இடம் இது என்பதே நம் கருத்து.

முதலில் சொற்களைப் பிரித்து வைத்துக்கொள்வோம். விழுக்காடு அல்லது சதவீதம் என்பது ஒரு முழுமையில் எத்தனை பங்கு என்று சொல்வது. நூறு மதிப்பெண்ணுக்கு அறுபத்திரண்டு பெற்றால் அறுபத்திரண்டு விழுக்காடு. இங்கே மாணவரும் வினாத்தாளும் மட்டுமே இருக்கிறார்கள். பக்கத்தில் யார் எழுதினார் என்பதற்கு இதில் இடமில்லை. மற்றதற்குப் புள்ளியியல் பாடநூல்களில் நல்ல தமிழ்ச்சொல் ஒன்று ஏற்கெனவே வழங்குகிறது: நூற்றுமானம். கால்மானம், பதின்மானம், நூற்றுமானம் என்று அவை வரிசையாக வரும். தேர்வெழுதியோர் அனைவரையும் குறைந்த மதிப்பெண் பெற்றவர் தொடங்கி வரிசையில் நிறுத்தி, நூறு சம கூறுகளாக்கினால், ஒருவர் எந்தக் கூற்றின் எல்லையில் நிற்கிறார் என்பதையே நூற்றுமானம் சொல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஐம்பது பேர் எழுதிய தேர்வில் ஒரு மாணவி நூற்றுக்கு 62 பெறுகிறாள். அவளுக்குக் கீழே 45 பேர் இருக்கிறார்கள். ஐம்பதில் நாற்பத்தைந்து என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு. ஆகவே அவள் 90-ஆம் நூற்றுமானத்தில் நிற்கிறாள். அதே வினாத்தாளை அதே விடைகளோடு வேறொரு பள்ளியில் அவள் எழுதியிருந்து, அங்கே ஐம்பதில் பத்துப் பேர் மட்டுமே அவளுக்குக் கீழே இருந்தால், அவள் நிற்கும் இடம் 20. அவள் கற்றது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். மாறியவர்கள் உடன் எழுதியவர்கள். பந்தியில் எத்தனையாவது இலையில் உட்கார்ந்தோம் என்பது எவ்வளவு உண்டோம் என்பதைச் சொல்லாது அல்லவா?

இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 'நமக்குக் கீழே உள்ளோர்' என்று எண்ணுவதா, 'நம்மோடு சமமாகவும் நமக்குக் கீழும் உள்ளோர்' என்று எண்ணுவதா? இந்தியாவில் இரண்டும் நடைமுறையில் இருக்கின்றன. பொறியியலுக்கான ஜே.இ.இ. மெயின் தேர்வில் சமமானோரையும் சேர்த்தே எண்ணுகிறார்கள். அதனால் ஒவ்வோர் அமர்விலும் முதலிடம் பெறுபவருக்கு 100 கிடைக்கிறது. மருத்துவத்துக்கான நீட் தேர்வில் கீழே உள்ளோரை மட்டுமே எண்ணுகிறார்கள். 2024 ஜூனில் வெளியான நீட் முடிவில் 67 பேர் 720-க்கு 720 பெற்றிருந்தனர். ஒரு பிழையும் இல்லாத அந்த 67 பேருக்கும் கிடைத்த நூற்றுமானம் 99.997 என்றுதான் இருந்தது. முழு மதிப்பெண் பெற்றவருக்கும் நூறு இல்லை! இது விழுக்காடு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இச்சொல்லின் பிறப்பையும் சற்றே பார்த்துவிடுவோம். ஆங்கிலத்தில் இதனை வழக்குக்குக் கொண்டுவந்தவர் பிரான்சிஸ் கால்டன். சார்லஸ் டார்வினின் உறவினர். 1884-இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் நடந்த பன்னாட்டு உடல்நலக் கண்காட்சியில் அவர் ஓர் அளவைக்கூடம் அமைத்தார். மூன்று பென்னி கொடுத்து உள்ளே வருவோரின் உயரம், எடை, பார்வைக் கூர்மை, மூச்சின் கொள்ளளவு, கைப்பிடியின் வலிமை ஆகியவற்றை அளந்தார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அளக்கப்பட்டனர். அந்த அளவுகளை ஒழுங்குபடுத்தி வெளியிட்ட 1885-ஆம் ஆண்டிலேயே 'பர்சன்டைல்' என்ற சொல் வருகிறது. ஒருவரின் கைவலிமை இத்தனை பவுண்டு என்று சொன்னால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. நூறு பேரில் இத்தனை பேரைவிட வலிமையானவர் என்றால் விளங்கிவிடும். இந்த வசதிக்காகவே அச்சொல் பிறந்தது. ஆனால் அதற்கு ஈராண்டு முன்பு, 1883-இல், 'யூஜெனிக்ஸ்' என்னும் சொல்லை, மனிதரில் மேலோரைப் பெருக்கிக் கீழோரைக் குறைக்க வேண்டும் என்ற கொள்கைக்குப் பெயராக, உருவாக்கியவரும் இதே கால்டன்தான். மனிதரை வரிசையில் நிறுத்தும் கருவியும், வரிசையில் பின்னால் நிற்பவர் பிறப்பிலேயே தாழ்ந்தவர் என்னும் எண்ணமும் ஒரே மேசையில் இருந்து வந்தவை. கருவியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. அந்த எண்ணமும் கூடவே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.

இனி நம் ஊருக்கு வருவோம். நீட் வந்த பிறகு மருத்துவக் கல்விக்கான விதியில் இரண்டு ஐம்பதுகள் இருந்தன. பொதுப் பிரிவு மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பாடங்களில் 50 விழுக்காடு மதிப்பெண் பெற்றிருக்க வேண்டும் என்று இருந்தது. நீட் தேர்வில் 50-ஆம் நூற்றுமானத்தை எட்ட வேண்டும்; பட்டியலின, பழங்குடி, இதர பிற்படுத்தப்பட்ட பிரிவினருக்கு அது 40. நீட் வருவதற்கு முந்தைய விதியில், நுழைவுத்தேர்விலும் 50 விழுக்காடு மதிப்பெண் என்றே இருந்தது. பின்னர் அது நூற்றுமானமாக மாறியது. எண் அப்படியே இருக்க, அதன் பக்கத்தில் இருந்த சொல் மட்டும் மாறியதால், மாற்றம் நடந்ததைப் பெரும்பாலோர் அறியவே இல்லை.

அந்த மாற்றத்தின் அளவைச் சில எண்கள் காட்டும். 720 மதிப்பெண்ணுக்கான நீட் தேர்வில் 50-ஆம் நூற்றுமானத்துக்கு உரிய மதிப்பெண் 2017-இல் 131, 2018-இல் 119, 2019-இல் 134, 2020-இல் 147, 2022-இல் 117, 2023-இல் 137. 2024-இல் முதலில் 164 என்று அறிவிக்கப்பட்டுத் திருத்தப்பட்ட முடிவில் 162 ஆயிற்று. 2025-இல் 144. இவற்றை விழுக்காட்டில் சொன்னால், 2022-இல் 16.25, 2024-இல் 22.5, 2025-இல் 20. அதாவது, ஐம்பது என்று காதில் விழுவது தாளில் இருபதாக இருக்கிறது. 2022-இல் தகுதி பெற்றவராக அறிவிக்கப்பட்ட ஒருவர், அதே மதிப்பெண்ணோடு 2024-இல் தகுதியற்றவர் ஆகிறார். இருவேறு ஆண்டுகளில் வினாத்தாளின் கடுமையும் எழுதுவோரின் ஆயத்தமும் மாறுகின்றன. வரிசையின் நடு இடமும் அவற்றோடு நகர்கிறது.

இதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வரிசையின் நடுவில் ஒரு கோடு போட்டுப் பாதிப்பேரைக் கலந்தாய்வுக்கு அனுமதிப்பது நிர்வாகத் தேவை. அதனை நாம் மறுக்கவில்லை. அந்தக் கோட்டுக்குத் 'தகுதி' என்று பெயர் வைத்ததில்தான் சிக்கல். 2025-இல் தேர்வெழுதிய ஏறத்தாழ 22 லட்சம் பேரில் 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. நாட்டில் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ சுமார் 1.2 லட்சம். தகுதி பெற்ற பத்துப் பேருக்கு ஓர் இடம். மருத்துவம் கற்க இன்னின்ன அறிவு வேண்டும் என்று வரையறுத்து அதனை எட்டியவரைத் தகுதியுடையவர் என்று சொன்னால் அச்சொல்லுக்குப் பொருள் உண்டு. எழுதியவர்களில் நடுவில் நிற்பவருக்கு மேலே இருந்தால் போதும் என்றால், எல்லோரும் மிகச் சிறப்பாக எழுதிய ஆண்டிலும் பாதிப்பேர் தகுதியற்றவர். எல்லோரும் மோசமாக எழுதிய ஆண்டிலும் பாதிப்பேர் தகுதியுடையவர். கோட்டுக்குக் கீழே நின்ற பிள்ளைகள் அச்சொல்லைத் தம் அறிவின் மீதான தீர்ப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். கோட்டுக்கு மேலே இருபது விழுக்காட்டு மதிப்பெண்ணோடு நிற்கும் வசதியுள்ள வீட்டுப் பிள்ளையோ, தனியார் கல்லூரியில் பெருந்தொகை கட்டி இடம்பெறும் வாய்ப்பைப் பெறுகிறார். கட்ட இயலாதவர் அவரைவிடக் கூடுதல் மதிப்பெண்ணோடு வெளியே நிற்கிறார்.

2023 செப்டம்பரில் இந்தச் சொற்குழப்பம் அதன் உச்சத்தைத் தொட்டது. மருத்துவ மேற்படிப்புக்கான நீட் தேர்வில், இடங்கள் காலியாக இருந்ததால், எல்லாப் பிரிவினருக்கும் தகுதிக்கோட்டைப் பூஜ்ஜிய நூற்றுமானமாகக் குறைத்து ஒன்றிய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. அவ்வாண்டு பொதுப் பிரிவுக்கான கோடு அதுவரை 800-க்கு 291 மதிப்பெண்ணில் இருந்தது. அறிவிப்பைக் கேட்டவர்கள் பூஜ்ஜியம் மதிப்பெண் பெற்றாலும் மருத்துவ மேற்படிப்பா என்று அதிர்ந்தனர். உண்மை அதைவிட விந்தையானது. பூஜ்ஜிய நூற்றுமானம் என்றால், வரிசையில் கடைசியாக நிற்பவரும் உள்ளே வரலாம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வு ஆகையால், பூஜ்ஜியத்துக்கும் கீழே சென்றவரும் வரலாம். கோடு இல்லை என்பதே அதன் பொருள். தகுதி என்ற வாதமே பொருளற்றது என்பதை இதுவே ஒப்புக்கொள்கிறது என்று தமிழ்நாட்டுத் தரப்பிலிருந்து எதிர்வினை வந்தது. ஒன்றைச் சேர்த்துச் சொல்வது நேர்மை: அந்த மருத்துவர்கள் அனைவரும் ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். தேறியவர்கள், கலந்தாய்வும் தரவரிசைப்படியே நடந்தது. ஆக, கோட்டை அகற்றியதால் மருத்துவம் சரிந்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. தேவைப்படும்போது பூஜ்ஜியம் வரை இறக்கக்கூடிய ஒன்றை அதுவரை தகுதி என்று எவ்வாறு அழைத்தோம் என்பதே கேள்வி.

இனி வரிசையின் மறுமுனை. ஜே.இ.இ. மெயின் தேர்வை 2019 முதல் தேசியத் தேர்வு முகமை பல அமர்வுகளாக நடத்துகிறது. ஒவ்வோர் அமர்வுக்கும் வினாத்தாள் வேறு. ஒரு தாள் கடினமாகவும் மற்றொன்று எளிதாகவும் அமைந்துவிட்டால் நேர் மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடுவது அநீதி. ஆகவே அந்தந்த அமர்வுக்குள் ஒருவர் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டு, சமநிலை நேராதிருக்க ஏழு தசம இடங்கள் வரை தருகிறார்கள். நூற்றுமானம் தன் பணியைச் செவ்வனே செய்யும் இடம் இதுதான். ஆனால் அந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 2024-இல் ஏறத்தாழ 14 லட்சம் பேர் அத்தேர்வை எழுதினர். அவ்வளவு பேரில் 99 நூற்றுமானம் என்றால், ஒருவருக்கு முன்னால் பதினான்காயிரம் பேர் நிற்கிறார்கள் என்று பொருள். 99.9 என்றால் ஆயிரத்து நானூறு பேர். இடையில் உள்ளது ஒரு புள்ளிக்கும் குறைவான வேறுபாடு. அதற்குள் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். தொண்ணூற்றொன்பது வாங்கியும் விரும்பிய கல்லூரி கிடைக்கவில்லையே என்று வருந்தும் தந்தைக்கு உரிய விடை இதுவே.

அறுபத்திரண்டு பெற்ற பிள்ளையின் தந்தைக்கும் விடை உண்டு. உங்கள் பிள்ளை, நாடெங்கும் இருந்து, பெரும்பாலும் ஈராண்டு பயிற்சியோடு வந்து எழுதிய 14 லட்சம் பேரில், எட்டரை லட்சம் பேரைக் கடந்து நிற்கிறார். மேலும் ஒன்று: வரிசையின் நடுவில் கூட்டம் மிகுதி. அங்கே ஒரே ஒரு வினாவுக்கு விடை மாறினாலும் பல்லாயிரம் பேரைத் தாண்டியோ பின்தங்கியோ போக நேரும். எனவே 55-க்கும் 60-க்கும் இடையே உள்ள வேறுபாட்டில் அறிவின் வேறுபாடு மிகக் குறைவாகவே இருக்கக்கூடும். அளவுகோலில் இருப்பதுபோல் இதில் ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே ஒரே தொலைவு இல்லை.

வெவ்வேறு கல்வி வாரியங்களில் படித்தவர்களை ஒப்பிடவும் நூற்றுமானம் பயன்படுகிறது. தேசியத் தொழில்நுட்பக் கழகங்களில் சேரப் பன்னிரண்டாம் வகுப்பில் 75 விழுக்காடு பெற்றிருக்க வேண்டும், அல்லது தம் வாரியத்தின் முதல் 20 நூற்றுமானத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. (ஒரே வாக்கியத்துக்குள் இரண்டு சொற்களும்! இதை விளக்க எத்தனை பெற்றோருக்கு ஆள் கிடைத்திருப்பார்?) நுழைவுத்தேர்வை நீக்கிய தமிழ்நாட்டுச் சட்டம் வேறு வழியைத் தேர்ந்தது: ஒவ்வொரு வாரியத்திலும் ஒரு பாடத்தில் எடுக்கப்பட்ட உச்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணுக்குச் சமமாக்கி, மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவது. இரண்டு முறையிலும் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. முதலாவது, ஒரு வாரியத்தின் முன்வரிசையினரும் இன்னொரு வாரியத்தின் முன்வரிசையினரும் நிகரானவர் என்று நம்புகிறது. இரண்டாவது, இரு வாரியங்களின் முதல் மாணவர் நிகரானவர் என்று நம்புகிறது. நம்பிக்கை இல்லாமல் ஒப்பீடு இல்லை. அந்த நம்பிக்கை இன்னது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நேர்மையான ஒப்பீடு.

யாரோடு ஒப்பிடப்பட்டோம் என்று கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு கதை நடந்தது. அங்கே பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு முடிவை அவ்வாண்டு எழுதியவர்களோடு ஒப்பிடாமல், முன்பே தேர்வெழுதிய ஒரு மாதிரிக் குழுவோடு ஒப்பிட்டு நூற்றுமானம் தருவது வழக்கம். 1987-இல் ஜான் கேனல் என்னும் மருத்துவர், ஐம்பது மாநிலங்களும் தம் பிள்ளைகள் தேசிய சராசரிக்கு மேலே இருப்பதாகக் கூறிக்கொள்வதைக் கண்டறிந்து எழுதினார். எல்லோரும் எப்படி நடுவுக்கு மேலே இருக்க முடியும்? ஒப்பிடப்பட்ட குழு பழையது. ஆசிரியர்கள் அதே தேர்வுக்குப் பழக்கி வைத்திருந்தார்கள். எண் பொய் சொல்லவில்லை. எவருக்கு மேலே என்பதை எவரும் கேட்கவில்லை, அவ்வளவே.

'மானம்' என்பதற்குத் தமிழில் அளவு என்றும் பொருள், தன்மதிப்பு என்றும் பொருள். நூற்றுமானத்தில் இருப்பது முதல் பொருள். தேர்வு முடிவு வந்த நாளில் நம் வீடுகளில் பறிபோவது இரண்டாவது. வரிசையில் எங்கே நிற்கிறோம் என்ற செய்தியை, நாம் யார் என்ற தீர்ப்பாகப் பிள்ளைகள் வாசித்துவிடுகிறார்கள். அப்படி வாசிக்க அவர்களைப் பழக்கியவர்கள் நாமே.

ஆகவே சிலவற்றைக் கேட்க விரும்புகிறோம். இதழ்களில் எழுதும் நண்பர்கள் பர்சன்டைலைச் சதவீதம் என்று எழுதுவதை விட்டு, நூற்றுமானம் என்றே எழுதட்டும்; சொல் புதிதாகத் தோன்றினால் பத்து முறை எழுதினால் பழகிவிடும். தேர்வு நடத்துவோர் முடிவுத்தாளில் நூற்றுமானத்துக்குப் பக்கத்திலேயே, எத்தனை பேரில் எத்தனை பேர் கீழே என்பதையும் மாநில மொழியில் ஒரு வரியாக அச்சிடட்டும். நடுக்கோட்டுக்குத் தகுதி என்ற பெயரை எடுத்துவிட்டுக் கலந்தாய்வு எல்லை என்று சொன்னால், உண்மையும் அதுவே, காயமும் குறையும். ஆசிரியர்களாகிய நாம், எந்தப் பாடத்தை நடத்துபவராயினும், பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கோ கல்லூரி முதலாண்டு மாணவருக்கோ இதற்கென்று ஒரு வகுப்பை ஒதுக்கலாம். இத்தனை பேரில், எவரோடு ஒப்பிட்டு, எதற்காக என்னும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, எந்த முடிவுத்தாளையும் அச்சமின்றி விரித்துப் படிக்கும்.